நரம்பு நோயும் நாம் இழக்கும் நேரமும்

வயலுக்கு நீர் பாயும் முறையை நம் உழவர் பெருமக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அணையிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து கண்மாய்க்கும், கண்மாய் மடையிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் நீர் செல்கின்றது. இடையே ஓரிடத்தில் கரை உடைந்தால் அதற்குக் கீழேயுள்ள பயிர் அனைத்தும் வாடிவிடும். நம் உடலிலும் இத்தகைய அமைப்பு ஒன்று உண்டு. மூளையை அணை என்று கொண்டால், முதுகெலும்பினுள்ளே செல்லும் தண்டுவடம் பெருங்கால்வாய் ஆகும். இவற்றினின்று கை, கால், முகம், குடல், தோல் என உடலெங்கும் கிளைத்துச் செல்லும் நரம்புகள் வாய்க்கால்கள் ஆகும். கையைத் தூக்கு என்னும் கட்டளையும், கால் முள்ளில் பட்டது என்னும் செய்தியும் இவற்றின் வழியாகவே செல்கின்றன.

ஆயினும் வாய்க்காலுக்கும் நரம்புக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. உடைந்த கரையை ஊரார் ஒன்று கூடி ஓர் இரவில் அடைத்துவிடலாம். நரம்பை அவ்வாறு சீர் செய்ய இயலாது. கையிலோ காலிலோ பழுதுற்ற நரம்பு மீண்டும் வளருமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும். முழங்கையருகில் அறுபட்ட நரம்பு விரல் நுனியை எட்டுவதற்கு ஓராண்டுக்கு மேலாகும். மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்துபட்ட நரம்புச் செல்களோ பெரும்பாலும் மீண்டும் தோன்றுவதே இல்லை.

ஆகவே நரம்பு நோய்களைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றுள் தலையாயது, காலம் தாழ்த்தலாகாது என்பதே. சில நோய்களில் மணிக்கணக்கிலும், சிலவற்றில் நாட்கணக்கிலும், சிலவற்றில் மாதக்கணக்கிலும் நமக்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசம் எவ்வளவு என்பதை அறிந்தவர் தம் குடும்பத்தையும் ஊரையும் காப்பாற்றுகின்றார். இக்கட்டுரையில் நம் ஊர்ப்புறங்களில் காணப்படும் நரம்பு நோய்களை அவ்வவகாசத்தின் வரிசையிலேயே எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

அருகே மருத்துவமனை இருந்தும்

மதுரை நகரின் மேற்கே, வைகையின் தென்கரையில் உள்ளது கோச்சடை. முன்னர்த் தனிக் கிராமமாக இருந்த இவ்வூர் இன்று மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் மேலக்கால் சாலை வழியே துவரிமானைக் கடந்து மேற்கே செல்வோர் இன்றும் நெல் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் காண்கின்றனர். இப்பகுதி மக்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தொலைவில் இல்லை. முன்னோர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய அப்பெரிய மருத்துவமனை, கோச்சடையிலிருந்து சில மைல் தூரத்திலேயே இருக்கின்றது.

இருந்தும் நரம்பு நோயுற்றவர் மருத்துவமனைக்குக் காலங்கடந்து வருவது நம் நாட்டில் எங்கும் காணப்படும் நிகழ்ச்சியாகும். இதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கூறுவது முறையன்று. ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை ஒன்று. பெண்ணுக்கு வரன் தகையாது போகுமோ என்ற அச்சம் மற்றொன்று. இரவு வேளையில் எவரை அழைப்பது என்ற திகைப்பும் உண்டு. இவற்றுக்கு மேலாக, திடீரென வாய் கோணுவதும், உடல் வெட்டி இழுப்பதும், நினைவு தப்புவதும் மனித வலிமைக்கு அப்பாற்பட்டவை போலத் தோன்றுவதால், மக்கள் முதலில் கோயிலையும் மந்திரிப்பவரையும் நாடுகின்றனர்.

தெய்வ நம்பிக்கையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. கோச்சடை அய்யனாருக்கு நேர்ந்துகொண்டவர் தம் நேர்த்திக்கடனை நோய் தீர்ந்த பின்னர் நிறைவோடு செலுத்தலாம். நேர்த்திக்கடன் காத்திருக்கும், நரம்பு காத்திராது. இவ்வொன்றை மட்டும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

பக்கவாதம்: நாலரை மணி நேரம்

சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை 80 என வகுத்துரைத்தன. பக்கவாதம், முகவாதம், இளம்பிள்ளைவாதம், நடுக்குவாதம் எனப் பல நரம்பு நோய்கள் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவற்றுள் பக்கவாதமே குடும்பங்களை மிகுதியாக நிலைகுலையச் செய்வது. நேற்றுவரை ஏர் பிடித்த கை இன்று சோற்றுக் கவளத்தை எடுக்க இயலாது போய்விடுகின்றது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ, வெடித்து இரத்தம் கசிவதாலோ பக்கவாதம் உண்டாகின்றது. இரண்டனுள் அடைப்பினால் வருவதே மிகுதி. அடைப்பு ஏற்பட்ட பின்னர்ச் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிவதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். கட்டியை உருகச் செய்யும் மருந்து இருக்கின்றது. ஆனால் அடையாளம் தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அதனைச் செலுத்துதல் வேண்டும். அதற்கு முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்து, நோய் அடைப்பினால் வந்ததா கசிவினால் வந்ததா என்று அறிதல் வேண்டும். கசிவினால் வந்தவருக்கு அம்மருந்து பெருந்தீங்கு விளைவிக்கும்.

அடையாளங்களை அறிவது எளிது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தாழ்ந்துவிடும். பேசச் சொன்னால் சொல் குழறும். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108 எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. வாயில் தண்ணீரோ கஞ்சியோ மாத்திரையோ புகட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். அடையாளங்கள் அரை மணி நேரத்தில் தாமே மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லாமல் இருக்கலாகாது. அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருத்தல் கூடும்.

பக்கவாதத்துக்கு முதற் காரணம் இரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோயும் புகையிலையும் அதற்குத் துணை நிற்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, உடல் நன்றாயிருக்கின்றதென்று உண்ணாதிருப்போர் உளர். உடல் நன்றாயிருப்பது மாத்திரையினாலேயே என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

பாம்பும் பூச்சி மருந்தும்

பாம்புக்கடியை நரம்பு நோயாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் நல்ல பாம்பின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும், நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தையே தாக்குகின்றன. முதலில் கண்ணிமைகள் தொங்கும். பின்னர் விழுங்க இயலாது போகும். இறுதியில் மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிப்பது. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. விடியற்காலையில் காரணமின்றி வயிற்று வலியும் இமைத் தொய்வும் கண்டால், கடிபட்ட அடையாளம் இல்லாவிடினும் ஐயுறுதல் வேண்டும். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையை விரிப்பின் கீழ்ச் செருகிப் படுப்பது இதற்கு நல்ல காப்பாகும்.

கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாதபடி ஒரு சட்டத்தோடு தளரக் கட்டி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை தீமையே செய்யும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மாற்று மருந்து நம் நாட்டில் தயாராகின்றது. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்து உதவுவோருள், 1978-இல் நம் மாநிலத்தில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் அடங்குவர். மருந்தும் செயற்கை மூச்சும் காலத்தில் கிடைத்தால், மூச்சு நின்றவரும் பிழைத்தெழுந்து வயலுக்குத் திரும்புவதைக் காணலாம்.

பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளிற் பலவும் நரம்பு நஞ்சுகளே. பூச்சியின் நரம்பைத் தாக்குவது மனிதரின் நரம்பையும் தாக்கும். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிக் கொல்லிகள் தோலின் வழியாகவும் உடலுட் புகும். மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், கண்ணீர், வாந்தி, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். தெளித்தவரின் உடைகளை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். புட்டியைப் பார்த்தே மருத்துவர் மாற்று மருந்தை விரைவில் தீர்மானிக்க இயலும். காற்றுக்கு எதிராக நின்று தெளித்தலும், வெற்றுடம்போடு தெளித்தலும், குச்சியின்றிக் கையாலேயே மருந்தைக் கலக்குதலும் கூடவே கூடா.

தென்னை, பனை மரங்களிலிருந்து விழுந்தவரையும், சாலை விபத்தில் சிக்கியவரையும் கையைப் பிடித்தொருவர் காலைப் பிடித்தொருவர் தூக்கும் வழக்கம் உண்டு. முதுகெலும்பு முறிந்திருப்பின், அவ்வாறு தூக்குவதே தண்டுவடத்தை நசுக்கிவிடும். கழுத்தும் முதுகும் வளையாமல், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் புரட்டிப் பலகையில் கிடத்துதல் வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் நிலையில், ஆபத்தான இடமாக இல்லாவிடின் அசைக்காமல் காத்திருப்பதே மேல்.

நாய்க்கடியும் இரணஜன்னியும்: அன்றே

வெறிநாய்க்கடி நோய்க்கு அடையாளம் தோன்றிய பிறகு மருந்து இல்லை என்றே கூறலாம். ஆனால் தோன்றுமுன் முற்றிலும் தடுத்துவிடலாம். நாயின் எச்சிலிலுள்ள நோய்க் கிருமி கடிபட்ட இடத்து நரம்பினுட் புகுந்து, அந்நரம்பின் வழியே மெல்ல மூளைக்கு ஏறிச் செல்கின்றது. இப்பயணத்துக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். கிருமி போய்ச் சேருமுன் தடுப்பூசி நம் உடலை ஆயத்தம் செய்துவிட வேண்டும்.

1885-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து அறிஞர் லூயி பாஸ்டர் இத்தடுப்பு முறையை ஒரு சிறுவனுக்கு முதன்முதல் அளித்தார். 1907-இல் நம் நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது. அந்நாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் பல ஊசிகளாகப் போட்டனர். அந்த அச்சம் இன்னும் மக்கள் மனத்தில் உள்ளது. அப்பழைய மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று போடும் ஊசி கையிலேயே, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று சில தவணைகளில் முடிந்துவிடும். அரசு மருத்துவ நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுதல். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் முதலியவற்றைத் தடவலாகாது. இரத்தம் கசியும் காயமாயின் தடுப்பூசியோடு, புண்ணிலேயே செலுத்தும் மற்றொரு மருந்தும் தேவைப்படும். நாய் உயிரோடிருக்கின்றதா என்று பார்த்திருந்து பின்னர் ஊசி போடலாம் என எண்ணுதல் கூடாது. எல்லாத் தவணைகளையும் தவறாது போட்டு முடித்தல் வேண்டும்.

மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வரும் இரணஜன்னியும் நரம்பு நோயே. மண்வெட்டி பட்ட காயமும், ஆணி குத்திய காயமும் அதற்கு வாயில்கள். முன்னாளில் தொப்புட்கொடியை அசுத்தமான கருவியால் அறுத்ததால் எண்ணற்ற சிசுக்கள் இந்நோய்க்கு இரையாயின. கருவுற்ற தாய்மாருக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் ஊர்தோறும் பரவிய பின்னர், 2015-ஆம் ஆண்டில் தாய்சேய் இரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. வயலில் காயம்பட்ட பெரியவர்களும் அன்றே சென்று காயத்தைக் காட்டி, ஊசி தேவையா என்று கேட்டறிதல் வேண்டும்.

தொழுநோய்: மாதங்கள்

தொழுநோயைத் தோல் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். அக்கிருமி குடிகொள்ளும் முக்கிய இடம் நரம்பாகும். தோலில் வெளிறிய அல்லது செந்நிறத் தேமல் தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அது முதல் அடையாளம். வலிக்காத தேமல் என்பதனாலேயே எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வலியின்மையே இங்கு நோய்.

விரல்கள் அழுகி விழுவதாக மக்கள் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றியவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்டு ஆவார். 1946-இல் வேலூருக்கு வந்த அவர், நோயாளிகளின் கைகளை ஆராய்ந்து, நோய் நேராக விரலைத் தின்பதில்லை என்று காட்டினார். நரம்பு செத்ததனால் சூடும் முள்ளும் உறைப்பதில்லை. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தும், புண்ணோடு வேலை செய்தும் விரல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையையும் அவர் வளர்த்தார். அம்முறை உலகெங்கும் பரவிற்று.

1980-களிலிருந்து வழங்கும் கூட்டு மருந்து முறையால் இந்நோய் முற்றிலும் குணமாகின்றது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்ணல் வேண்டும், அம்மருந்து இலவசம். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றிச் செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. கை கால் வலிவிழந்து ஆறு மாதத்துக்குள் வருவோருக்குத் தனிச் சிகிச்சையால் ஆற்றல் திரும்புதல் கூடும். அதற்குப் பின்னர் அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே போகின்றது.

சர்க்கரை நோயாளரின் பாதத்தில் தோன்றும் மரத்த தன்மையும் இதுபோன்றதே. அது தொற்று நோயன்று. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரை நரம்பைக் கெடுத்ததன் விளைவு. இத்தகையோர் செருப்பின்றி வரப்பில் நடக்கலாகாது. நாள்தோறும் இரவில் விளக்கொளியில் தம் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

வலிப்பு: ஆண்டுகளாய் மறைக்கும் நோய்

காக்கை வலிப்பு என நாம் வழங்கும் நோயில், மூளையில் இயல்பாக ஓடும் மின்னோட்டம் சிறிது நேரம் நிலை தவறுகின்றது. அது பேயுமன்று, சாபமுமன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை. தக்க மருந்தை ஒழுங்காக உண்போரில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 1912 முதல் வழக்கிலுள்ள பினோபார்பிட்டோன் போன்ற மலிவான மருந்துகளும் இதற்கு உண்டு.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் வழக்கம். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடங்களில் தானே நிற்கும். சாவி கொடுத்ததனால் நின்றது என எண்ணிவிடுகின்றோம். கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, இழுப்பு ஓய்ந்ததும் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைப்பதே போதும். கை கால்களை அழுத்திப் பிடிப்பதும், பற்களுக்கிடையே கரண்டி திணிப்பதும் தவறு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு தெளியுமுன் மீண்டும் வந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். நோயுள்ளவர் தனியே கிணற்றிலும் கண்மாயிலும் குளித்தல், மரமேறுதல், வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்துவது பேராபத்தாகும்.

இந்நோயில் காலம் வீணாவது பெரும்பாலும் மறைப்பதனாலேயே. பெண்ணின் வலிப்பை மறைத்துத் திருமணம் செய்து, மறைப்பதற்காக மருந்தையும் நிறுத்திவிடுகின்றனர். ஒரு காலத்தில் சட்டமும் இவ்வச்சத்துக்கு இடமளித்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகச் சேர்க்கப்பட்டது. 1999-இல் அது நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் விதியும் 2019-இல் நீக்கப்பட்டது. சட்டம் விலகி வழிவிட்ட பிறகும் ஊர் வழிவிடாமல் நிற்பது முறையாகுமா?

வருமுன் காத்தல்

நோய் வந்த பின் விரைவதைக் காட்டிலும் வாராமற் காப்பது எளிது என்பதற்கு இளம்பிள்ளைவாதம் சான்றாகும். அசுத்த நீராலும் உணவாலும் பரவி, தண்டுவடத்து நரம்புச் செல்களைக் கொன்று, குழந்தைகளின் காலைச் சூம்பச் செய்த அந்நோய்க்கு எதிராக 1995 முதல் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கப்பெற்றது. 2011 சனவரிக்குப் பின்னர் இந்தியாவில் இயல்பான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27-ஆம் நாள் நம் பகுதி போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. பிற நாடுகளில் அக்கிருமி இன்னும் இருப்பதால், மருந்தை விடாது அளித்து வருதல் வேண்டும்.

மற்றொன்று மூளைக் காய்ச்சல். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் எனப்படும் இது நம் நாட்டில் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரிலேயே. பன்றிகளிடமும் கொக்கு இனப் பறவைகளிடமும் இருக்கும் கிருமியை, நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் கொசுக்கள் மனிதருக்குக் கொண்டு வருகின்றன. குழந்தைகளே மிகுதியும் பலியாகின்றனர். பிழைத்தவருள்ளும் பலர் மூளைக் குறைபாட்டோடு வாழ நேரிடுகின்றது. இந்நோய் காணும் மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகின்றது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக வயலுக்கு நீர் விடும் முறை, நீரைச் சேமிப்பதோடு கொசுப் புழுக்களையும் குறைக்கும். ஆனால் ஒருவர் வயல் காய, அடுத்தவர் வயலில் நீர் நின்றால் பயன் இராது. ஒரு மடையின் கீழுள்ள அனைவரும் சேர்ந்து செய்தல் வேண்டும். பன்றித் தொழுவங்களையும் குடியிருப்பினின்று விலக்கி அமைத்தல் வேண்டும்.

வலிப்புக்கும் கழிப்பிடத்துக்கும் தொடர்புண்டு என்றால் பலர் வியப்படைவர். பன்றி நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளிப்படும் முட்டைகள், கழுவாத காய்கறிகள் வழியாகவும் அழுக்குக் கைகள் வழியாகவும் வயிற்றுட் சென்று, மூளையில் நீர்க்கட்டிகளாகத் தங்கி வலிப்பை உண்டாக்குகின்றன. இறைச்சி உண்ணாதவருக்கும் இது வரும். வேலூர் மாவட்டத்தில் செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஆராய்ச்சி, வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம் என்று கண்டது. ஆகவே பஞ்சாயத்து கட்டித்தரும் ஒவ்வொரு கழிப்பிடமும் ஒரு நரம்பு மருத்துவம் என்றே கூறலாம்.

காலம் கடந்தவர்களுக்கு

எவ்வளவு விரைந்தும் சிலர் இழப்புக்கு உள்ளாவர். அவர்களைத் திண்ணையில் கிடத்திவிட்டு மறந்துவிடலாகாது. வேலூர் மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பழுதுற்று, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவரே சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமைவதற்குக் காரணமானார். பக்கவாதம் வந்தவருக்கும் முதல் சில மாதங்களில் செய்யும் இயன்முறைப் பயிற்சி பெரும்பயன் தரும். அவர்தம் வீட்டு வாயிற்படிக்கு ஒரு சாய்தளமும், கைப்பிடியுள்ள கழிப்பிடமும் அமைத்தல் பெருஞ்செலவன்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஊரில் ஒருவருக்குத் திடீரென நோய் கண்டால், முதலில் யோசனை கேட்கப்படுவோர் பஞ்சாயத்து அங்கத்தினரே. "விடியட்டும், பார்க்கலாம்" என்று அவர் கூறினால் குடும்பம் விடியும்வரை காத்திருக்கும். "இப்பொழுதே புறப்படுங்கள்" என்று கூறினால் அப்பொழுதே புறப்படும். இப்பொறுப்பை உணர்ந்து, பின்வருவனவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

1. பக்கவாதம், பாம்புக்கடி, நாய்க்கடி, பூச்சி மருந்து ஆகியவற்றுக்கு உடனே செய்ய வேண்டுவனவற்றைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல்.

2. பாம்புக்கடி மருந்தும், நாய்க்கடி ஊசியும், சி.டி. ஸ்கேனும் அருகில் எங்கெங்கு உள்ளன என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து அதே சுவரில் குறித்தல்.

3. ஆம்புலன்ஸ் நுழைய இயலாத தெருக்களைச் சீர் செய்தல். இரவில் வழிகாட்ட ஒவ்வொரு தெருவிலும் ஒருவரை நியமித்தல்.

4. கிராம சுகாதாரச் செவிலியரோடு கலந்து, உணர்ச்சியற்ற தேமல் உள்ளவர், வலிப்புக்கு மருந்துண்பவர், இரத்தக் கொதிப்பு மருந்தை நிறுத்தியவர் ஆகியோரை, அவர்தம் மதிப்புக்குக் குறைவு நேராவண்ணம் தனியே கண்டு ஊக்குவித்தல்.

5. நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யக் கால்நடைத் துறையினரின் உதவியை நாடுதல்.

6. கழிப்பிடம், குடிநீர், வாய்க்காற் சுத்தம் ஆகியவற்றை நரம்பு நோய்த் தடுப்பாகவும் கருதிக் கிராம சபையில் எடுத்துரைத்தல்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. வேண்டுவது முன்யோசனையும், ஊராரின் ஒத்துழைப்புமே. வைகையில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்தவுடன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நள்ளிரவிலும் மடைக்கு ஓடுபவர் நம் உழவர். அதே விரைவை மனித உடலுக்கும் காட்டுவாராயின், நம் ஊர்களில் செயலிழந்த கைகளின் தொகை குறைந்து, ஏர் பிடிக்கும் கைகளின் தொகை பெருகும் என்பதில் ஐயமில்லை.